ஒரு லிட்டர் என்று பொறித்திருந்தது

ஆயிரம் மில்லி லிட்டர் சேர்ந்தால் ஒரு லிட்டர். ஊசி மருந்தில் சி.சி. என்று போட்டிருப்பதும் மில்லிதான். ஒரு சென்டிமீட்டர் நீளமும் அகலமும் உயரமும் உள்ள ஒரு சின்னப் பெட்டியில் அடங்குகிற தண்ணீர். இது எனக்குத் தெரியாத கணக்கு இல்லை. எங்கள் தெருவில் பத்தாம் வகுப்பு முடித்த முதல் பெண் நான். மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். தாளிக்கிற எண்ணெயைப் பிள்ளைக்கு இத்தனை மில்லி என்று கணக்கிட்டு, மாதக் கடைசியில் லிட்டரில் எழுதிக் கொடுப்பது என் வேலை. புள்ளி ஓரிடம் தள்ளிப்போனதாக என் பதிவேடு ஒருநாளும் திரும்பி வந்ததில்லை. அதனால்தான் என் மகளுக்கு நேர்ந்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. கணக்குத் தெரியாமல் நடந்திருந்தால் எழுதுவது சுலபம்.

கயல்விழிக்கு அப்போது பதினோரு மாதம். ஆற்றில் புதுத் தண்ணீர் வந்து, வாய்க்காலில் நுரையும் குப்பையுமாக ஓடிக்கொண்டிருந்த வாரம். ஊரில் குறுவை நடவு தொடங்கியிருந்தது. திங்கட்கிழமை காலையில் வாந்தி எடுத்தாள். மத்தியானத்துக்குள் ஆறு முறை தண்ணீராகப் போய்விட்டது. அதற்கு முதல் நாள் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடியில் நின்றபோது ஈரக்கையை வாயில் வைத்தாள். நான் பார்த்தேன், தடுக்கவில்லை. அதனால்தானா என்று இன்றுவரை தெரியாது.

சுகாதார நிலையத்து நர்ஸம்மா வீட்டுக்கே வந்து பார்த்தார். உப்புச் சர்க்கரைப் பொட்டலம் நான்கு கொடுத்தார். வயிற்றுப்போக்கில் உடம்பிலிருந்து தண்ணீர் மட்டும் போவதில்லை, உப்பும் சேர்ந்து போகிறது. சரியான அளவில் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொடுத்தால்தான் குடல் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். பொட்டலத்தில் இருப்பது அந்த அளவு.

"ஒரு பொட்டலத்துக்கு ஒரு லிட்டர் தண்ணி. காய்ச்சி ஆற வெச்சது. கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. தாய்ப்பாலும் நிறுத்தாத" என்றார் நர்ஸம்மா. பிறகு சிரித்து, "படிச்ச பொண்ணு, உனக்குப் போயி சொல்லிக்கிட்டு இருக்கேன் பாரு" என்றார்.

பள்ளிக்கூடத்தில் எண்ணெய் அளக்க அரசாங்கம் கொடுத்த லிட்டர் குவளை ஒன்று இருந்தது. வீட்டிலிருந்து இருநூறு அடி நடந்தால் எடுத்து வந்துவிடலாம். ஆனால் அரசாங்கச் சாமானை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. ஒரு கரண்டியை மறந்து எடுத்துப் போன சமையல்கார அக்காவை நானே கண்டித்திருக்கிறேன். அந்த யோசனையும் அப்போது வரவில்லை என்பதுதான் உண்மை. வீட்டில்தான் லிட்டர் படி இருந்ததே. அரிசிப் பானைக்குள் கிடக்கும் இரும்புப் படி. பக்கத்தில் ‘1 லிட்டர்’ என்று பொறித்து, அதன் கீழே அளவுத்துறை முத்திரையும் குத்தியிருக்கும். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதில்தான் உலைக்கு அரிசி அளக்கிறேன்.

அதைப் புளி போட்டுத் தேய்த்து, வெந்நீர் ஊற்றிக் கழுவினேன். ஆறின தண்ணீரை அதில் பிடித்தேன். சட்டிக்கு மாற்றும்போது வழிந்து அளவு குறைந்துவிடுமோ என்று விளிம்புக்கு ஒரு விரல் கீழேயே நிறுத்திக்கொண்டேன். ஒரு சொட்டுக்கூடக் கீழே சிந்தாமல் ஊற்றி, பொட்டலத்தைப் பிரித்துக் கலக்கினேன். என் மாமனார் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் இறந்து இரண்டு வருடமாகிறது. வீட்டில் நாங்கள் நான்கு பேர். என் கணவர் செல்வராசு விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் ஊர்ச் செயலாளர். நடவுக் கூலிப் பேச்சுவார்த்தைக்காக அந்த வாரம் முழுவதும் மன்னார்குடியில் இருந்தார்.

செவ்வாய்க்கிழமை வாந்தி நின்றது. ஆனால் குழந்தைக்குத் தாகம் அடங்கவில்லை. டம்ளரைப் பார்த்தாலே இரண்டு கையாலும் பிடித்து இழுப்பாள். குடித்து முடித்ததும் அழுவாள். சாதாரண அழுகை இல்லை. தொண்டையின் மேலிருந்து கம்பியை இழுப்பதுபோல் வரும் அழுகை. நான் மேலும் கொடுத்தேன். தாகத்துக்கு மருந்துத் தண்ணீர்தானே கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் மீதியைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலந்தேன். புதன்கிழமை எதற்கெடுத்தாலும் சிணுங்கினாள், தொட்டால் விறைத்தாள். எதிர்வீட்டுக்காரி வந்து, "சும்மா ஒரு மடக்கு வெறுந்தண்ணி குடேன் மலரு, புள்ள ஏங்குது" என்றாள். "வெறுந்தண்ணி குடுக்கக் கூடாது அக்கா, அளவு மாறிடும்" என்று நான் பாடம் சொன்னேன்.

வியாழக்கிழமை விடியும்போது அவளுடைய இடது கட்டைவிரல் தானாகத் துடித்தது. கண் என் மேல் இருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். முதல் பஸ்ஸில் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். வழிநெடுக வயலில் பெண்கள் குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸில் யாரோ பாட்டுப் போடச் சொன்னார்கள். கண்டக்டர் என் மடியைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று கைகாட்டினார். அந்தக் கண்டக்டரின் முகம் எனக்கு மறக்காது.

குழந்தைகள் வார்டில் தாயைத் தவிர வேறு யாரும் இருக்கக் கூடாது. மாமா வராந்தாவிலேயே நின்றுவிட்டார். உள்ளே ஒரு டாக்டரம்மா, என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார், கயலின் வயிற்றுத் தோலை இரு விரலால் பிடித்து விட்டார். மறுபடி பிடித்தார். நாக்கைத் தொட்டுப் பார்த்தார். உச்சிக்குழியை அழுத்தினார்.

"எத்தனை நாளா போகுது?"

"நாலு நாள் டாக்டர். நேத்து கொறஞ்சிடுச்சு."

"என்ன குடுத்தீங்க?"

சொன்னேன். மூன்று பொட்டலம் முடிந்து நான்காவது பிரித்தது வரை, எந்த நேரம் எத்தனை டம்ளர் என்பது வரை சொன்னேன். எழுதியே வைத்திருந்தேன். அந்தத் தாளையும் நீட்டினேன்.

அவர் தாளைப் பார்த்தார். "ஒரு பொட்டலத்துக்கு எத்தனை மில்லி?"

"ஆயிரம்."

"எதுல அளந்தீங்க?"

"லிட்டர் படியில டாக்டர். முத்திரை போட்டது."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்ல" என்றார். ஆனால் அவர் கை அவசரமாக இருந்தது. குழந்தையின் கையில் நரம்பு தேடிக்கொண்டே பேசினார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இதுதான் மற்ற தாய்மார் தெரிந்துகொள்ள வேண்டியது. வயிற்றுப்போக்கில் வறண்ட குழந்தையின் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நிற்கும். கயலின் தோல் அப்படி நிற்கவில்லை. பிசைந்த மாவு போலக் கொழகொழவென்று இருந்தது. உடம்பில் தண்ணீர் குறைந்து, உப்பு மட்டும் ஏறிப்போனால் அப்படி இருக்குமாம். வெறும் வறட்சி என்றால் நரம்பு வழியாகத் தண்ணீரை வேகமாக ஏற்ற வேண்டும், தாமதித்தால் ஆபத்து. உப்பு ஏறியிருந்தால் மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும், இரண்டு நாள் எடுத்து. ஏனென்றால் மூளை அந்த உப்புக்குப் பழகியிருக்கும். சட்டென்று தண்ணீர் போனால் உறிஞ்சி வீங்கிவிடும். ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். உப்பின் அளவு தெரிய மாலை ஆகும்.

"மாலை வரைக்கும் காத்திருக்க முடியாது. கலந்த அளவு சரின்னா நான் ஒரு முடிவுக்கு வரலாம். தப்புன்னா வேற முடிவு. யாரும் உங்களத் திட்டப் போறதில்ல. சரியா ஒரு லிட்டர்தானா?"

"சரியா ஒரு லிட்டர்தான்" என்றேன். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. மற்ற எல்லாவற்றிலும் சந்தேகப்படுகிறவள் நான். கதவைப் பூட்டினோமா என்று பாதி வழி போய்த் திரும்புகிறவள். அந்த ஒன்றில் மட்டும் சந்தேகப்படவில்லை.

டாக்டரம்மா சிஸ்டரிடம் ஏதோ சொன்னார். சிஸ்டர் பாட்டிலை எடுத்துவரப் போனார். கயலுக்குப் போட்டிருந்த துணி நனைந்திருந்தது. மாற்றுத் துணிப் பை மாமாவிடம் இருந்தது. வாங்கி வர வெளியே ஓடினேன்.

"என்னம்மா சொல்றாங்க?"

"மருந்து கலந்த அளவு சரியான்னு கேட்டாங்க மாமா. சரின்னுட்டேன். வேகமா தண்ணி ஏத்தப் போறாங்க."

பையைக் கொடுத்தவர் பிடியை விடவில்லை. நான் இழுத்தேன். அவர் விரல் பிடியைப் பற்றியே இருந்தது.

"மாமா, பையக் குடுங்க."

"எதுல அளந்தன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க. நம்ம படியிலன்னேன்."

"அது லிட்டரு இல்லம்மா."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். முதலில் எனக்கு விளங்கவில்லை. "பொறிச்சிருக்கே மாமா" என்றேன்.

"பொறிச்சது நெசம். முத்திரையும் நெசம். அடியில இன்னொரு தட்டு ஏத்திப் பத்தவெச்சிருக்கு. பண்ணையில கூலி அளக்க, பண்ணைய மேற்பாத்த காரியக்காரரு செஞ்சு வாங்கினது. கால் லிட்டரு கொறையும். அளவு ஆபீசரு வர்றாருன்னு ஒருநா என் கையில குடுத்து வீட்டுக்குக் கொண்டுபோயிடுன்னாரு. அப்படியே தங்கிப்போச்சு."

"எனக்கு ஏன் சொல்லல?"

"நீ தண்ணி புடிச்சத பாத்துக்கிட்டுதான் இருந்தேன். தண்ணிதானேன்னு நெனச்சேன். சொன்னா, இது எப்படி நம்ம வீட்டுக்கு வந்துச்சுன்னு கேப்பியேன்னும் நெனச்சேன். போம்மா. போயி சொல்லு."

நான் ஓடியபோது பை கையில் இருந்ததா என்று நினைவில்லை. சிஸ்டர் பாட்டிலைக் கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தார். "நிறுத்துங்க சிஸ்டர், அது முக்கால் லிட்டர்" என்று நான் சொன்னது வார்டு முழுக்கக் கேட்டிருக்க வேண்டும். எல்லாத் தாய்மாரும் திரும்பினார்கள்.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. "முக்கால் லிட்டர்னா எழுநூத்தம்பது மில்லி. நிச்சயமா?"

"எழுநூத்தம்பதும் இருக்காது. வழியக் கூடாதுன்னு ஒரு விரல் எறக்கிப் புடிச்சேன்."

"மூணு பொட்டலமும் அப்படியேவா?"

"நாலும்."

அவர் கேஸ் ஷீட்டின் ஓரத்தில் ஏதோ எழுதினார். சிஸ்டர் மாட்டிய பாட்டிலைக் கழற்றினார்கள். வேறொன்று வந்தது, வேறு குழாயோடு. குழந்தைகளுக்கென்று உள்ள மெல்லிய குழாய் அது. சாதாரணக் குழாயில் பதினைந்து இருபது சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி. இதில் அறுபது சொட்டு ஒரு மில்லி. அதனால் கணக்கு சுலபம் என்று சிஸ்டர் சொல்லிக் கொடுத்தார். நிமிடத்துக்கு நாற்பது சொட்டு விழுந்தால், மணிக்கு நாற்பது மில்லி. "சுவர்க் கடிகாரத்தப் பாத்து எண்ணு. கூடிச்சுன்னா என்னக் கூப்புடு. நீயா எதையும் திருகாத."

எண்ணினேன். ஒரு நிமிடம் எண்ணி, அடுத்த நிமிடம் கண்ணை மூடி, மறுபடி எண்ணுவேன். முப்பத்தொன்பது வந்தால் பயமாக இருந்தது. நாற்பத்தொன்று வந்தால் அதைவிடப் பயமாக இருந்தது. பாட்டிலில் 540 மில்லி என்று போட்டிருந்தது. அந்த எழுத்தையும் நம்ப முடியவில்லை. சிஸ்டரிடம் இது சரியாக இருக்குமா என்று கேட்டேன்.

மத்தியானம் பன்னிரண்டு மணி போல வலிப்பு வந்தது. இடது கையும் இடது காலும் மட்டும் இழுத்தன. வாய் ஒரு பக்கம் கோணியது. என்னைத் தள்ளிவிட்டு மூன்று பேர் சூழ்ந்துகொண்டார்கள். அடுத்த கட்டிலில் காலுக்கு மாவுக்கட்டுப் போட்ட மகனோடு இருந்த ஜமீலா அக்கா என் தோளைப் பிடித்துச் சுவரோடு நிறுத்தினார். திருத்துறைப்பூண்டிக்காரர். கணவர் வளைகுடாவில் இருந்தார். "பாக்காத புள்ள. நான் பாத்துச் சொல்றேன். மூச்சு இருக்கு. நெஞ்சு ஏறுது. எறங்குது. ஏறுது" என்று வலிப்பு அடங்கும் வரை சொல்லிக்கொண்டே இருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்போது மட்டும் நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

மாலையில் ரத்தத்தின் முடிவு வந்தது. உப்பு மிக அதிகம். டாக்டரம்மா தாளை என்னிடம் காட்டி, "காலையில நீங்க ஓடி வந்து சொல்லலன்னா வேகமா ஏத்தியிருப்பேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் சொல்லவில்லை, மாமா சொன்னார் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அன்றைக்கு அவருக்கு அந்த ஒரு நன்மையைக்கூடக் கொடுக்க எனக்கு மனமில்லை.

வராந்தாவில் அவர் இல்லை. வாட்ச்மேனிடம், ஊருக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை அவரும் என் கணவரும் சேர்ந்து வந்தார்கள். சேர்ந்து என்றால் ஒரே பஸ்ஸில். இருவருக்கும் நடுவில் பத்தடி இடைவெளி இருந்தது. மாமாவின் கையில் மஞ்சள் பை. உள்ளே படி. யாரும் கேட்காமல் அவராகவே கொண்டுவந்தது. டாக்டரம்மா அதைச் சரியாக அளந்து எழுதச் சொன்னார். எவ்வளவு உப்பு உள்ளே போயிருக்கும் என்று அவருக்குக் கணக்கு வேண்டும். வார்டு வாசலில் இருந்த மேசையில் சிஸ்டர் படியை வைத்தார். நூறு மில்லி கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் தண்ணீர் பிடித்துப் பிடித்து ஊற்றினார். ஜமீலா அக்கா எட்டிப் பார்த்துச் சத்தமாக எண்ணினார்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

ஏழு வரை போனது. எட்டாவது குவளையில் பாதி ஊற்றும்போதே விளிம்பில் வழிந்து மேசையில் ஓடியது. பத்து போக வேண்டும்.

"ஒரு விரல் எறக்கினேன்னு சொன்னியே, காட்டு" என்றார் சிஸ்டர். என் விரலை வைத்துக் காட்டினேன். அந்த மட்டத்துக்குத் தண்ணீரைக் குறைத்து, மிச்சத்தை அளந்தார். அறுநூற்று அறுபது மில்லி. ஆயிரம் மில்லியில் கரைய வேண்டிய உப்பை நான் அறுநூற்று அறுபதில் கரைத்திருக்கிறேன். ஒன்றரை மடங்கு. கால் லிட்டர் திருட்டு பண்ணையுடையது. மீதித் தொண்ணூறு மில்லி என்னுடைய கவனம்.

ஜமீலா அக்கா தண்ணீரைக் கொட்டிவிட்டு, உள்ளே ஒரு விரலும் வெளியே ஒரு விரலும் வைத்துப் பார்த்தார். "வெளிய ஒரு ஆழம், உள்ள ஒரு ஆழம். எங்க தெருவுல கடை போட்டா இந்த யாவாரிய ஒரே நாள்ல வெரட்டிருவோம்" என்றார்.

என் கணவர் படியைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். முத்திரையைக் கட்டைவிரலால் தடவினார்.

"நீங்க எத்தன வருசம்ப்பா இதுல அளந்தீங்க?"

"மூணு போகம்."

"யாருக்கு?"

மாமா மேசையில் சிந்திய தண்ணீரைத் துண்டால் துடைத்தார்.

"நானும் அந்தக் களத்துல நின்னேன். எனக்கும் அளந்தீங்க. கலம் நெல்லு அறுத்தா ஆறு லிட்டரு கூலி வேணும்னு ரோட்டுல கெடந்தோம். போலீஸ் வேன்ல ஏத்தினான். வாங்கிட்டோம்னு வெடி போட்டோம்." என் கணவர் என் பக்கம் திரும்பினார். "மலரு, நீ சொல்லு. ஆறு லிட்டரு இதுல அளந்தா எவ்வளவு?"

அந்த நேரத்தில் அந்தக் கணக்கை என்னிடம் கேட்கிறாரே என்று இருந்தது. ஆனாலும் மனம் தானாகப் போட்டுவிட்டது. ஒவ்வொரு அளவுக்கும் எழுநூற்று ஐம்பது, ஆறு முறை, நாலாயிரத்து ஐந்நூறு மில்லி. "நாலரை" என்றேன்.

"போராட்டத்துக்கு முன்னாடி என்ன குடுத்தானோ அதேதான்" என்றார் அவர். கத்தவில்லை. படியை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

"அளக்குற வேல குடுத்தப்ப பெருமையா இருந்துச்சு" என்றார் மாமா, யாரிடம் என்றில்லாமல். "மொத நாளே தெரிஞ்சுபோச்சு. கை அறிஞ்ச அளவு. சொல்லியிருந்தா பண்ணை குடுத்த வீட்டு மனையக் காலி பண்ணச் சொல்லியிருப்பான்."

அரை மணி நேரம் கழித்து என் கணவர் தூக்குவாளியில் காப்பி வாங்கி வந்தார். எனக்கு ஊற்றினார். பிறகு இன்னொரு டம்ளரில் ஊற்றி, மாமா உட்கார்ந்திருந்த பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவரைப் பார்க்காமல் நகர்ந்தார். காப்பி ஆடை கட்டும் வரை மாமா அதைத் தொடவில்லை.

சனிக்கிழமை உப்பு இறங்கத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை கயல் என்னைப் பார்த்தாள். பார்த்தாள் என்றால் பார்த்தாள். வாயால் கொடுக்கலாம் என்றார்கள். சிஸ்டர் ஒரு பொட்டலத்தையும் கோடு போட்ட ஜாடியையும் என் முன்னால் வைத்து, "நீயே கலக்கு" என்றார். தண்ணீரை ஊற்றினேன். ஆயிரம் கோட்டுக்கு வந்ததும் ஜாடியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தேன். மேசையில் வைத்துக் குனிந்து பார்த்தேன். ஜமீலா அக்காவைக் கூப்பிட்டேன்.

"கோட்டுல நிக்குதா அக்கா?"

"நிக்குது."

"இன்னொரு தடவ பாருங்க."

"ஏ புள்ள, கோடு எங்கயும் ஓடிப்போகாது. கலக்கு" என்றார்.

ஆனால் இடது பக்கம் சரியாகவில்லை. வலது கையால் மட்டும் டம்ளரைப் பிடித்தாள். படுக்க வைத்தால் வலது கால் உதைத்தது; இடது கால் சும்மா கிடந்தது. கட்டிலின் மேல் நிறுத்திப் பிடித்தால் இடது பாதம் மடங்கியது. நோய் வருவதற்கு முன்பே அவள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவள். டாக்டரம்மா முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். "சில பிள்ளைங்களுக்கு வலிப்புக்கு அப்புறம் இப்படி இருந்து தானா வரும். சிலருக்கு நாளாகும்." மூன்றாவதாக ஒன்று சொல்ல இருந்து, நிறுத்திக்கொண்டார். "தினமும் அசைச்சு விடுங்க. நிக்கவெக்க அவசரப்படாதீங்க. அதுவா நின்னா, நல்லது. ஒரு மாசத்துல கூட்டிக்கிட்டு வாங்க."

அந்த ஒரு மாதத்தைப் பற்றி அதிகம் எழுத முடியாது. காலையும் மாலையும் இடது காலை மடக்கி நீட்டினேன், இருபது முறை. நிற்கிறாளா என்று பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். தவழும்போது இடது காலை இழுத்துக்கொண்டு போனாள். என் கணவர் அவளை நிறுத்திப் பார்க்கப் போனால், "அவசரப்படுத்தாதீங்க" என்பேன். அவர் இல்லாதபோது நானே நிறுத்திப் பார்ப்பேன். பாதம் மடங்கும்.

மாமா எங்களோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். சோறு வைத்தால் சாப்பிடுவார். குழந்தையை மட்டும் தொடுவதில்லை. முன்பெல்லாம் அவள் குரல் கேட்டாலே தூக்கிக்கொள்கிறவர். இப்போது அவள் தவழ்ந்து வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார்.

இரண்டாவது வாரம் சங்கக் கூட்டத்தில் அவரே எழுந்து, படியை நடுவில் வைத்துச் சொல்லியிருக்கிறார். என் கணவர் சொல்லச் சொல்லவில்லை. நான் அங்கே இல்லை. எதிர்வீட்டு அக்கா வந்து சொன்னாள். அவர் முடித்ததும் நடவு நடுகிற ஒரு பெண், "எங்கப்பன் செத்து நாலு வருசம் ஆச்சு பெரியப்பா. அவருக்குக் கொறஞ்சத எங்க கொண்டுபோயி அளப்பீங்க?" என்று கேட்டாளாம். இன்னொருவர், "பேத்தி காலு விழுந்ததுக்கு அப்புறந்தான் வாயி தொறந்துச்சு" என்றாராம். மாமா உட்காராமல் கூட்டம் முடியும் வரை நின்றிருக்கிறார். படியைச் சங்கத்தில் வைத்துக்கொண்டார்கள். குறுவை அறுவடைக்குத் தாலுகா ஆபீஸிலிருந்து அளவை எடுத்து வந்தால்தான் களத்தில் இறங்குவோம் என்று முடிவானது. அந்த அறுவடையில் எல்லோரும் முழு அளவு வாங்கினார்களா என்பதை வேறு யாராவது எழுதட்டும்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போக இன்னும் ஐந்து நாள் இருந்தது. ஒரு மத்தியானம் நான் அடுப்பங்கரையில் இருந்தேன். மாமா கூடத்தில் சுவரில் சாய்ந்து, கால் நீட்டிக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கயல் காலை இழுத்துக்கொண்டு அவரிடம் போவதைப் பார்த்தேன். அவர் விழித்து எழுவதற்குள் அவருடைய வேட்டியைப் பிடித்துவிட்டாள். இழுத்தாள். முழங்காலைப் பிடித்தாள். வலது காலை ஊன்றினாள். பிறகு, எப்போதும் மடங்குகிற அந்த இடது பாதத்தை ஒருமுறை தரையில் தேய்த்து, ஊன்றினாள். எழுந்தாள். உடம்பு ஆடியது. இரண்டு பாதமும் தட்டையாகத் தரையில் இருந்தன.

மாமாவின் இரண்டு கைகளும் அவளுக்கு இரு பக்கமும் காற்றில் நின்றன. தொடவில்லை. அவர் என்னைத்தான் பார்த்தார்.

"புடிச்சுக்குங்க மாமா" என்றேன். "விழுந்துடப் போறா."